ஒன்றரைக்குக் கொஞ்சம் கம்மி

ஐடி கம்பெனிக்காரர்களையும் பெரிய பெரிய வீட்டுக்காரர்களையும் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார்களே, டிவியில்கூடக் காட்டினார்களே, அந்த மழை ஞாபகம் இருக்கிறதா? அந்த மழை விட்டு, ரோட்டில் சேறு காய்ந்துகொண்டிருந்த சமயம்தான் மேடம் நீலசந்திராவில் எங்கள் வீட்டு வாசலில் நின்று ஒரு கதவைப் பார்த்துக் கத்தினார். கதவைப் பார்த்து யாராவது கத்துவார்களா? அவர் கத்துவார்.

அவருடைய பேரைச் சொல்ல மாட்டேன். நீங்கள் எழுதிக்கொள்வதாக இருந்தால் மேடம் என்றே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நல்ல மனிதரின் பேர் எங்கள் தெருவில் என்ன பாடுபட்டது என்று பார்த்துவிட்டேன். இன்னொருவர் பேரையும் தெருவில் விட எனக்கு மனசு வரவில்லை.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. பஸ் போர்டை நிறத்தையும் கூட்டத்தையும் வைத்துத்தான் அடையாளம் பிடிப்பேன். ஆனால் இந்த ஊரில் ஆட்டோ ஓட்டியே வயசாகிவிட்டது. மேடம் காலேஜில் பௌதிகம் நடத்தினார். ஆஸ்டின் டவுனில் தனியாக இருந்தார். காலையில் நான்தான் கொண்டுபோய் விடுவேன், சாயங்காலம் நான்தான் கூட்டி வருவேன். வெயிலோ மழையோ கையில் ஒரு கறுப்புக் குடை இருக்கும். கோபம் வந்தால் அந்தக் குடைக் கைப்பிடியால் என் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்பியைத் தட்டுவார். டொக் டொக் என்றால் சின்னக் கோபம். ஒரே டொக் என்றால் வண்டியை ஓரம் கட்டிவிடுவேன்.

மனிதர்கள் தாமதமாக வந்தாலோ சில்லறை இல்லை என்றாலோ அவருக்குக் கோபம் வராது. யாராவது ஒரு வார்த்தையை அதன் இடத்திலிருந்து தூக்கி வேறு இடத்தில் வைத்தால்தான் வரும். மழையை நான் “கருமம்” என்று சொன்னதற்கு, கருமம் என்றால் என்ன என்று ரிச்மண்ட் சர்க்கிள் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தார்.

ஒரு நாள் வண்டியில் உட்கார்ந்துகொண்டே போனில் யாரையோ பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். சந்திரசேகர் லிமிட், சந்திரசேகர் லிமிட் என்று நாலைந்து முறை காதில் விழுந்தது. போனை வைத்ததும் கேட்டேன்.

“மேடம், அந்தச் சந்திரசேகர் லிமிட்டு எந்தப் பக்கம்? சந்தாபுரா தாண்டியா?”

“இன்னாது?”

“இல்ல மேடம், நாளைக்கு அங்க போணும்னா முன்னாடியே சொல்லிடுங்க. சிட்டி லிமிட் தாண்டினா ஒன் அண்ட் ஆஃப் ஆவும்.”

இந்த ஊரில் லிமிட் என்றால் கோடு. இந்த ஸ்டேஷன் லிமிட், அந்த ஸ்டேஷன் லிமிட், கார்ப்பரேஷன் லிமிட். கோட்டைத் தாண்டினால் மீட்டர் காட்டுவதில் ஒன்றரை மடங்கு கேட்போம். அதுதான் ஒன் அண்ட் ஆஃப். எனக்குத் தெரிந்த லிமிட் அவ்வளவுதான்.

குடை வரப்போகிறது என்று தோளைச் சுருக்கிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் மேடம் சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர் வந்து, கண்ணாடியைக் கழற்றி, குடை காலுக்குக் கீழே விழுந்தது தெரியாமல் சிரிக்கிறார். அந்த மாதிரி அவர் சிரித்து நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

“ஒன் அண்ட் ஆஃப்! யோவ், கிட்டத்தட்ட சரியா சொல்லிட்டய்யா. ஒண்ணரைக்குக் கொஞ்சம் கம்மி.”

அப்புறம் சொன்னார். நான் சொல்வதில் தப்பு இருந்தால் அது என் தப்பு. நட்சத்திரம் என்பது எரிகிற அடுப்பு. உள்ளேயிருந்து நெருப்பு வெளியே தள்ளுகிறது, மேலேயிருந்து அதனுடைய சொந்த எடை உள்ளே அமுக்குகிறது. இரண்டும் சரியாக இருக்கிற வரைக்கும் நிற்கும். ஒரு நாள் எரிகிறதெல்லாம் எரிந்து முடிந்துவிடும். சூரியனைப் போன்ற நட்சத்திரங்கள் சுருங்கிச் சின்னதாக, வெள்ளையாக ஆகிவிடும்.

“நெருப்பு போயிடுச்சு. அப்புறம் எது தாங்குது? கேளுய்யா.”

“எது மேடம் தாங்குது?”

“உள்ள இருக்கற துகளுங்க. இதுக்கு மேல நாங்க நெருங்க மாட்டோம்னு முரண்டு பிடிக்குது. உன் வண்டியில ஆறு பேர ஏத்தினா முட்டிய முட்டியில இடிச்சிக்குனு உக்காருவாங்க இல்ல, அந்த மாதிரி. அந்த முரண்டுதான் தாங்குது. அதுக்கும் ஒரு அளவு இருக்கு. நம்ம சூரியனோட எடைய வெச்சுப் பாத்தா ஒண்ணரை மடங்குக்குக் கொஞ்சம் கம்மி. அதுக்கு மேல பாரம் ஏறினா அந்த முரண்டு தாங்காது. அதுதான்யா சந்திரசேகர் லிமிட். அவரு கணக்கு போட்டுச் சொன்னதால அவரு பேரு. யாரும் மேப்புல கிழிச்ச கோடு இல்ல. அந்தப் பொருளுக்குள்ளயே இருக்கற அளவு.”

அந்தச் சந்திரசேகர் நம் தமிழ் ஆள்தானாம். சின்ன வயசில் சீமைக்குப் படிக்கக் கப்பலில் போகும்போதே அந்தக் கணக்கைப் போட ஆரம்பித்துவிட்டாராம். அங்கே ஒரு பெரிய மனிதர் எல்லார் முன்னாலும் அவரைக் கேலி பண்ணினாராம். இதைச் சொல்லும்போது மட்டும் கம்பியில் ஒரே டொக். எப்போதோ நடந்ததற்கு அன்றைக்கு நான் வண்டியை ஓரம் கட்டினேன்.

மேடத்தின் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் மரம் வைக்கிற வேலை பார்த்தவர். மேலே இருக்கிற பாறை இறங்காமல் கட்டைகளை அடுக்கி முட்டுக் கொடுக்கிற வேலை. ஆழத்தில் பாறை அமுக்கம் தாளாமல் திடீரென்று சிதறும். ஏர் பிளாஸ்ட் என்பார்களாம். மேலே வீட்டில் பாத்திரமெல்லாம் ஆடுமாம். பாத்திரம் ஆடினால் எல்லா வீட்டுப் பொம்பளைகளும் சுரங்கத்து வாசலுக்கு ஓடுவார்களாம். “கல்லு முன்னாடியே பேசும், காது குடுத்தா கேக்கும்” என்று அவர் அப்பா சொல்வாராம். அப்பாவைக் கல் ஒன்றும் செய்யவில்லை. தூசிதான் நெஞ்சில் உட்கார்ந்து கொண்டுபோயிற்று.

அதனால்தானோ என்னவோ, தாங்குகிற விஷயத்தை யாராவது வேடிக்கையாகப் பேசினால் மேடத்துக்குத் தாளாது. காலேஜில் அவருக்கு லிமிட் மேடம் என்று பட்டப்பேர். அவர் கோபித்துக்கொண்டால், சந்திரசேகர் லிமிட் தாண்டியாச்சு என்று வாத்தியார்களே கண்ணடிப்பார்களாம். “கோவத்துக்கு லிமிட்டுனா அதுக்கு வேற பேரு வெச்சுக்கோங்கடா. அப்புறம் வெடிக்குதா, உள்ள விழுதா, அது வேற கதை. இது தாங்குற கணக்குடா!” என்று அதற்கும் கத்துவார். அவர்களுக்கு அது இன்னும் வசதி.

ஆண்டு விழாவில் பிரின்சிபால் மைக்கில், “மாணவர்களே, நீங்கள் ஒவ்வொருவரும் சந்திரசேகர் லிமிட்டைத் தாண்டி ஜொலிக்க வேண்டும்” என்று ஆசீர்வாதம் பண்ணினாராம். கைதட்டல். மேடம் எழுந்து நின்றார்.

“தாண்டினா ஜொலிக்க மாட்டாங்க சார், இடிஞ்சு உள்ள விழுவாங்க. பிள்ளைங்களுக்கு ஏன் சார் சாபம் விடறீங்க?”

அதற்குப் பிறகு ஓய்வு பெறுகிற வரைக்கும் அவரை எந்த விழாவுக்கும் மேடையில் கூப்பிடவில்லை. அவர் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. ஒரு வார்த்தையைத் தப்பாக விடுவதைவிட ஒரு நாற்காலியை விடுவது அவருக்குச் சுலபம்.

இப்போது அந்தக் கதவு.

என் மகள் பிரசவத்துக்கு வந்து, குழந்தை பிறந்து, எங்கள் வீட்டில்தான் இருந்தாள். ராஜகாலுவே ஓரம் வீடு. மழைத்தண்ணீர் ஓடுகிற பெரிய சாக்கடையைத்தான் இங்கே ராஜகாலுவே என்பார்கள், பேரில் மட்டும் ராஜா. நாங்கள் கீழ்வீட்டில் மொத்தமாகப் பணம் கட்டி லீஸுக்கு இருந்தோம். மேலே இன்னும் இரண்டு மாடி, இரண்டிலும் குடித்தனம். அதற்கும் மேலே ஓனர் மூன்றாவது மாடிக்குச் சுவர் எழுப்பி முடித்து, அதன் மேல் நாலாவதுக்குக் கம்பி நீட்டிவிட்டிருந்தான். அந்த இடம் எவ்வளவு அகலம் என்றால், எங்கள் வீட்டில் பீரோவைத் திறக்க வேண்டும் என்றால் கட்டிலில் இருக்கிறவர் காலை மடக்க வேண்டும்.

மேடம் குழந்தையைப் பார்க்க வந்தார். ஒரு துண்டும் சோப்பும் வாங்கி வந்திருந்தார். உள்ளே வந்து கதவைச் சாத்தப் போனார். சாத்தவில்லை. குனிந்து பார்த்தார். கதவின் அடிப்பக்கமும் மேல்பக்கமும் வெள்ளை வெளேரென்று புதிதாகச் சீவியிருந்தது.

“இத ஏம்மா சீவியிருக்கு?”

“மழைக்கு மரம் ஊதிக்குது டீச்சரம்மா,” என்றாள் என் வீட்டுக்காரி. “இதோட எத்தினியோ வாட்டி சீவியாச்சு. மேல்வீட்லயும் சீவினாங்க. ஆசாரிக்கு இந்தக் கட்டடத்துலயே பொழப்பு ஓடுது.”

மேடம் அண்ணாந்து பார்த்தார். தொட்டில் கொக்கியிலிருந்து மூலை வரைக்கும் ஒரு விரிசல் ஓடிக்கொண்டிருந்தது. குழந்தை கீழே தூங்குகிறது. அப்போதுதான் கத்தினார்.

“கதவு வளரலம்மா! வீடு எறங்குது! நிலை நசுங்குது, நீங்க கதவச் சீவிக்கினு இருக்கீங்க! கதவு பேசுது, அதோட வாயச் சீவி எறியறீங்களே!”

குழந்தை வீறிட்டு அழுதது. என் வீட்டுக்காரி முகம் சுளித்தாள். மேடம் நேராக வெளியே போய், கலவை மெஷின் பக்கத்தில் நின்றிருந்த ஓனரைப் பிடித்துக்கொண்டார்.

“மேல ஏத்தாதய்யா. கீழ தாங்கல.”

“மேடம், நீங்க இன்ஜினியரா?”

“பிசிக்ஸ்.”

“அது இஸ்கூல்ல. இங்க கம்பி கணக்கு என்னுது.”

“நட்சத்திரத்துக்கே லிமிட்டு இருக்குய்யா! சந்திரசேகர் லிமிட்டுன்னு இருக்கு! உன் கட்டடத்துக்கு இல்லியா?”

“எந்தச் சந்திரசேகர்? வரச் சொல்லுங்க, பேசிக்கறேன்!”

தெருவே சிரித்தது. நான் மேடத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு கார்ப்பரேஷன் ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்தவர் மேப்பை விரித்து, ராஜகாலுவேக்கு அந்தப் பக்கம்தான் தங்களுடையது என்றார். “இது நம்ம லிமிட்டுக்கு பரல்ல மேடம்.” வராது என்கிறார். இன்னொரு ஆபீசுக்குப் போனால் அவர்களும் அதே வார்த்தை. அவர்களுக்கு ராஜகாலுவேக்கு இந்தப் பக்கம் இல்லையாம். அப்படியென்றால் எங்கள் வீடு யாருடைய லிமிட்டில் இருக்கிறது? சாக்கடையிலா? மேடம் அந்த மேஜையில் குடையால் ஓங்கித் தட்டினார். கண்ணாடி டம்ளர் விழுந்து உடைந்தது. வெளியே போகச் சொன்னார்கள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் வயிற்றில் அப்படியே இருக்கிறது. பசி மாதிரி, சாப்பிட்டால் போகாத பசி.

வீட்டில் பேசிப் பார்த்தேன். “கதவு சிக்கறதுக்கெல்லாம் யாராவது வீட்டக் காலி பண்ணுவாங்களா? கைக்கொழந்தய வெச்சிக்கினு எங்க போறது?” என்றாள் வீட்டுக்காரி. மேல்வீட்டுக்காரர்கள் என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தார்கள்.

ஆனால் தெரு ஒரு வேலை செய்தது. கலவை மெஷின் போட்ட சத்தத்தில் நட்சத்திரம் என்ற வார்த்தை யார் காதிலும் விழவில்லை. சந்திரசேகர் லிமிட் மட்டும் விழுந்திருக்கிறது. எதிரே தோசை வண்டி போடுகிற அம்மா, சந்திரசேகர் என்று புது ஆபீசர் வந்திருக்கிறார், மாடிக்கெல்லாம் லிமிட் போட்டிருக்கிறார் என்று சொல்லியிருக்கிறாள். சாயங்காலத்துக்குள் அவருக்கு ஒரு ஜீப் வந்துவிட்டது. மறுநாள் மீசை வந்துவிட்டது. பக்கத்துத் தெருவில் ஒரு கட்டடத்தை அவர் இடித்தேவிட்டார் என்று என்னிடமே ஒருவன் சத்தியம் பண்ணினான்.

ஓனர் முகம் மாறிப்போய் எங்கள் வீட்டுக்கு வந்தான். கையில் பழம்.

“பெரியவரே, அந்தச் சந்திரசேகர் சார் எப்டி? வாங்கற ஆளா?”

நான் பதில் சொல்வதற்குள் மேடம் வந்துவிட்டார். தினமும் வந்து அந்த விரிசலைப் பார்த்துவிட்டுப் போகிற வழக்கம் அப்போது. ஓனர் எழுந்து நின்றான். முதல் தடவையாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“மேடம், அன்னிக்கு தெரியாம பேசிட்டேன். சந்திரசேகர் சார் லிமிட்டு எவ்ளோன்னு மட்டும் சொல்லிடுங்க.”

இந்த அம்மாள் இப்போது வாயைத் திறப்பார். அது ஆபீசர் இல்லைய்யா, முட்டாள், அது ஒரு நட்சத்திரக் கணக்கு என்பார். பிரின்சிபாலையே விடாதவர். அதோடு முடிந்தது. ஓனர் சிரித்துவிட்டு மேலே கான்கிரீட் போடுவான்.

மேடம் அவனைப் பார்த்தார். தொட்டிலைப் பார்த்தார். குடையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“ஒண்ணரைக்குக் கொஞ்சம் கம்மி,” என்றார்.

“ஒண்ணரை மாடியா?” ஓனர் தலையில் கை வைத்தான். “அய்யோ, நான் எங்கயோ போயிட்டேனே!”

மேடம் அவனைத் திருத்தாமல் விரிசலை அண்ணாந்து பார்த்தார்.

அன்றைக்கே வேலை நின்றது. ஆபீசர் வந்துவிட்டுப் போகிற வரைக்கும் கட்டடத்தில் ஆள் இருக்கக் கூடாது என்று ஓனரே எல்லாரையும் வேறு இடம் பார்க்கச் சொன்னான், லீஸ் பணத்தையும் மறுபேச்சில்லாமல் கொடுத்தான். கதவுக்கு நகராத என் வீட்டுக்காரி ஆபீசர் என்றதும் பொழுது விடிவதற்குள் பாத்திரத்தைக் கட்டிவிட்டாள். மேல்வீட்டுக்காரர்கள் எங்களுக்கு முன்னால் போய்விட்டார்கள்.

சாமான் ஏற்றிய பிறகு மேடத்தை வீட்டில் விடப் போனேன். வழியெல்லாம் கம்பியில் தட்டிக்கொண்டே வந்தார்.

“நான் பொய் சொல்லலய்யா.”

“இல்ல மேடம்.”

“ஒரு வார்த்தை பொய் சொல்லல.”

“இல்ல மேடம்.”

“வாயில மண்ணு போட்டுக்கினா மாதிரி இருக்குய்யா. கதவு சொன்னா கேக்கல, விரிசலு சொன்னா கேக்கல, நான் தொண்ட கிழிய கத்தினேன், கேக்கல. ஆபீசர்னா ஓடறாங்க! இல்லாத ஆபீசருக்கு ஓடறாங்க!”

மீட்டரைப் போட மறந்திருந்தேன், அதற்காவது திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை.

ஓனருடைய தங்கச்சி மகன் ஒருத்தன் ஐடியில் இருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவன் விஷயத்தைக் கேட்டுவிட்டு போனில் தட்டிப் பார்த்து, மாமா, இது நட்சத்திரம் என்று காட்டிவிட்டான். ஓனர் வேண்டுமென்றே என் ஆட்டோ ஸ்டாண்டுக்கு வந்தான். “பெரியவரே, உங்க சந்திரசேகர் வானத்துல இருக்காராமே! மேடம்கிட்ட சொல்லுங்க, அங்கயே இருக்கட்டும்!” ஸ்டாண்டே சிரித்தது. அந்த வாரமே மறுபடி வேலையை ஆரம்பித்து, நாலாவது மாடிக்கும் சுவர் எழுப்பிக் கூரை கான்கிரீட் போட்டான்.

போட்ட அன்றைக்கே மத்தியானம், வேலையாட்கள் எதிர்த்தாற்போல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கட்டடம் உட்கார்ந்தது. வெடிக்கவில்லை. சாயக்கூட இல்லை. எங்கள் கீழ்வீடு நசுங்கி, அதன் மேல் மற்றது ஒவ்வொன்றாக இறங்கி, ரொம்பக் களைத்துப்போனவர் வந்து உட்காருகிற மாதிரி உட்கார்ந்தது என்று தோசைக்கார அம்மா சொன்னாள். நாங்கள் போனபோது தூசி அடங்கியிருந்தது. தொட்டில் கட்டியிருந்த இடத்தில் கை வைக்கக்கூட இடைவெளி இல்லை.

டிவிக்காரர்கள் மைக்கோடு வந்தார்கள். தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல், “சந்திரசேகர் சார் அப்பவே லிமிட்டு சொன்னாரு, ஓனர் கேக்கல சார்” என்றார்கள். வானத்தில் இருப்பதாகச் சிரித்தவர்களே சொன்னார்கள். மேடம் கூட்டத்தைக் குடையால் விலக்கிக்கொண்டு போய் அந்த மைக்கைப் பிடித்தார்.

“ஆபீசர் யாரும் சொல்லல. கதவு சொல்லுச்சு.”

மைக் பிடித்திருந்த பெண்ணுக்குப் புரியவில்லை. “கதவா மேடம்?”

“கதவு. போடுங்க இத.”

அவர்கள் போடவில்லை. இரண்டு போலீஸ் ஸ்டேஷனிலும் அது தங்கள் லிமிட் இல்லை என்றார்கள். யாரும் சாகவில்லையே, அப்புறம் என்ன கேஸ் என்றும் கேட்டார்கள். ஒரு ஆளாவது செத்திருக்க வேண்டும் போலிருக்கிறது. ஓனர் இப்போது சந்தாபுரா பக்கம் கட்டுகிறான். நன்றாக இருக்கிறான்.

மேடம் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் அப்பாவைப் போலவே நெஞ்சுதான். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், “பாட்டிக்கு பொறுமை லிமிட் தாண்டிடுச்சு” என்று யாரிடமோ சொன்னதற்கு, ஆக்ஸிஜன் குழாயைக் கழற்றிவிட்டுச் சண்டை போட்டார்.

என் கோபம் இதற்குத்தான். எங்கள் தெருவில் அந்த வார்த்தை இன்னும் ஓடுகிறது. புதிதாக மாடி எழுப்பினால் மேஸ்திரிகள் ஒருத்தரையொருத்தர், “சந்திரசேகரப் பாத்தாச்சா?” என்று கேட்டுக் கண்ணடிக்கிறார்கள். ஆபீசில் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்றா என்று அர்த்தம். கப்பலில் உட்கார்ந்து நட்சத்திரம் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்ட மனிதருடைய பேர் இன்றைக்கு நீலசந்திராவில் லஞ்சத்துக்குப் பேர். நான் ஒவ்வொருவனிடமும் சண்டை போட்டுப் பார்க்கிறேன். கிழவனுக்கு லிமிட் தாண்டிவிட்டது என்கிறார்கள்.

நீங்கள் நாலு இடம் போகிறவர். போகிற இடத்தில் சொல்லுங்கள். சந்திரசேகர் லிமிட் எந்த ஆபீசிலும் இல்லை, கொடுத்துச் சரிக்கட்ட முடியாது, அது தாங்குகிற கணக்கு என்று சொல்லுங்கள். அவ்வளவும் ஞாபகம் நிற்காது என்றால் இதையாவது சொல்லுங்கள்: கதவு சாத்த வரவில்லை என்றால், கதவைச் சீவ வேண்டாம்.